பிக்கப் வண்டிக்குக் கான்வாஸ் கூண்டு: வாசகர் கேள்வி – பதில்

பிக்கப் வண்டியின் லோடு பாடிக்குத் தாமே கான்வாஸ் கூண்டு கட்ட விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கணக்கு குழம்பாமல் இருக்க எல்லாப் பதில்களுக்கும் ஒரே அளவை எடுத்துக்கொண்டோம்: பாடியின் நீளம் 1500 மி.மீ., அகலம் 1400 மி.மீ., பாடிச் சுவரின் மேல் விளிம்பிலிருந்து கூண்டின் உயரம் 600 மி.மீ. உங்கள் வண்டி வேறு அளவில் இருந்தால் எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பருத்திக் கான்வாஸ்தான் நல்லது என்கிறார் ஒருவர். லாரிக்குப் போடும் பிவிசி தார்ப்பாய் போட்டால் கவலையே இல்லை என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது? எவ்வளவு கனம் வேண்டும்?

கூண்டுக்குள் என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மணல் ஒட்டிய கருவிகள், சிமென்ட் மூட்டை, எண்ணெய் டப்பா என்று முரட்டுச் சுமைதான் என்றால் 600 முதல் 700 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) பிவிசி பூச்சுத் துணி போதும். அது சுருங்காது, பூஞ்சையால் மக்காது. சூடான காற்றால் ஒட்ட வைக்கலாம் என்பதால் ஊசித் துளையே இல்லாமல் மூட்டுப் போடலாம். ஆனால் காற்று புகாது. ஈரச் சாமானை ஏற்றி மூடினால் இரவில் உட்புறம் வியர்த்து, விடிந்ததும் சொட்டும். கடுங்குளிரில் விறைத்துப்போகும். பல ஆண்டு வெயில் பட்டபின் மடிப்பு விழுந்த இடங்களில் வெடிக்கும்.

படுக்க, துணிமணி வைக்க, மின் கருவிகள் வைக்க என்றால் கான்வாஸ்தான். அதிலும் முழுப் பருத்தியைவிடப் பாலியஸ்டர் கலந்த பருத்தியை எடுங்கள். சுருக்கம் குறைவு, கிழிசல் தாங்கும் வலு அதிகம், பருத்தி இழை நனைந்து ஊதி நெசவின் கண்களை அடைக்கும் குணமும் ஓரளவு இருக்கும். கனம் 450 முதல் 520 ஜிஎஸ்எம். 350-க்குக் கீழே உள்ளவை வேகமாக ஓடும் வண்டியில் படபடத்தே தேய்ந்துவிடும். 600-க்கு மேலே போனால் நான்கு மடிப்பைத் தைக்கவே பெரிய மெஷின் வேண்டும். கடையில் ஜிஎஸ்எம் தெரியவில்லை என்றால் 10 செ.மீ. சதுரத் துண்டு வாங்கி நகைத் தராசில் நிறுத்து 100-ஆல் பெருக்குங்கள். 5 கிராம் இருந்தால் 500 ஜிஎஸ்எம்.

படகு, பால்கனிப் பந்தல்களுக்குப் போடும் அக்ரிலிக் துணி நிறம் மங்காது, அழகானது. உரசலைத் தாங்குவதில் அது பின்தங்கும். கம்பிகளின் மேல் இழுத்துக் கட்டும் கூண்டுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: சட்டகத்துக்கு எந்தக் குழாய், எத்தனை வில், எத்தனை மீட்டர்? வெல்டிங் எனக்குத் தெரியும். அளவு மட்டும் சொல்லுங்கள்.

பாடிச் சுவர்மேல் உட்காரும் அடிப்பட்டைக்கு 30 × 30 × 2 மி.மீ. சதுரக் குழாய். வில்லுக்கும் (ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கத்துக்கு வளைந்து போய்த் துணியைத் தாங்கும் குழாய்) நீளவாட்டுக் கம்பிகளுக்கும் 25 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. சுவர் உள்ள உருண்டைக் குழாய். கான்வாஸ் படும் இடம் எதிலும் சதுரக் குழாய் வேண்டாம். அதன் விளிம்பு துணியை அரித்துக்கொண்டே இருக்கும்.

அடிப்பட்டை ‘ப’ வடிவில் இருக்கட்டும்: இரு பக்கமும் 1500, முன்புறம் 1400, மொத்தம் 4.4 மீட்டர். பின்புறம் பட்டை போட்டால் டெயில் கேட்டைத் திறந்து சாமான் ஏற்றும்போது குறுக்கே நிற்கும். அதை விட்டுவிடுவதால் பின் வில் பக்கவாட்டில் ஆடும். அதன் மேல் மூலைகள் இரண்டிலும் 80 மி.மீ. முக்கோணத் தகடு வைத்து வெல்டு செய்யுங்கள்.

வில் மூன்று: முன்னே, நடுவே, பின்னே, 750 மி.மீ. இடைவெளியில். அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டாம். 2.4 மீட்டர் பாடியானால் 5 வில் போடுங்கள். ஒவ்வொரு வில்லுக்கும் 2.6 மீட்டர் குழாய் பிடிக்கும். மூலை வளைவின் ஆரம் 100 மி.மீ.; இந்தச் சுவர்த் தடிமனுக்கு அதைவிட இறுக்கி வளைத்தால் உட்புறம் நசுங்கும். வில்லின் நடு, மூலைகளைவிட 60 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். அது சுமார் 5 பாகைச் சரிவு. இதற்கு மேலும் தரலாம், குறைக்க வேண்டாம். நடு வில்லை மட்டும் மற்ற இரண்டைவிட 15 முதல் 20 மி.மீ. உயர்த்திவிட்டால் துணி நீளவாட்டிலும் விறைப்பாக உட்காரும், தண்ணீர் முன்னும் பின்னும் ஓடும். பலர் தவிர்த்துவிடும் சின்ன வேலை இது. படபடப்பை இதைப்போல வேறெதுவும் குறைப்பதில்லை.

நீளவாட்டில் உச்சியில் ஒன்று, மூலை வளைவுக்குச் சற்றுக் கீழே பக்கத்துக்கு ஒன்று, ஆக மூன்று கம்பிகள், 4.5 மீட்டர். முன் வில்லுக்கும் பின் வில்லுக்கும் அடிப்பட்டையிலிருந்து சாய்வுத் தாங்கி 500 மி.மீ. வீதம் நான்கு. இவை இல்லாவிட்டால் சடன் பிரேக் போடும்போது சட்டகம் முழுவதும் முன்னே சாயும், ஒவ்வொரு முறையும் வெல்டு அடி வாங்கும். உருண்டைக் குழாய் மொத்தம் 14.3 மீட்டர். 6 மீட்டர் நீளத்தில் விற்றால் 3 குழாய் வாங்குங்கள்: ஒன்றில் இரண்டு வில், இன்னொன்றில் ஒரு வில்லும் இரண்டு நீளக் கம்பியும், மூன்றாவதில் மிச்சம் எல்லாம். சட்டகத்தின் எடை சுமார் 21 கிலோ. துணி, ஜிப், போல்ட் எல்லாம் சேர்ந்தாலும் 30 கிலோவுக்குள் நிற்கும்.

ஜிஐ குழாயானால் வெல்டு போடும் இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சு போன இடத்துக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர். வில்லின் அடிக்கால் ஒவ்வொன்றிலும் 5 மி.மீ. துளை போட மறக்காதீர்கள். உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற வழியில்லாவிட்டால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே கால் ஒடியும்.

கேள்வி: கூண்டின் மேல் ஏணி, பைப் கட்டிக்கொண்டு போகலாமா?

கூடாது. அதற்குக் கேபினையும் துணியையும் தொடாத தனி ரேக் வேண்டும். இந்தக் குழாய் துணியின் இழுப்பையும் காற்றையும் தாங்கும் கணக்கில் போட்டது.

கேள்வி: வேகமாகப் போகும்போது கூண்டு பிய்த்துக்கொண்டு பறந்துவிடுமோ என்று பயம். பாடியில் எப்படி, எத்தனை போல்ட்டில் பிடிக்க வேண்டும்?

பயத்தை எண்ணில் பார்ப்போம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 31 கிலோ எடைக்குச் சமம். 100 கி.மீ. வேகத்தில் 48 கிலோ. 120-ல் 69 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். நீங்கள் 90-ல் போகும்போது எதிரே 30 கி.மீ. காற்று அடித்தால் கூண்டுக்கு அது 120 தான். நம் கூரையின் பரப்பு 2.1 சதுர மீட்டர். அந்த அழுத்தம் அப்படியே உறிஞ்சலாக மாறினால் மேல்நோக்கி இழுப்பது சுமார் 145 கிலோ.

8.8 தரத்து எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட் ஒன்றே 2 டன்னுக்கு அருகில் தாங்கும். ஆகவே போல்ட் அறுவது அபூர்வம். கிழிவது பாடிச் சுவரின் மெல்லிய தகடு. வெறும் வாஷர் போட்டு இறுக்கினால் ஒவ்வொரு குலுங்கலுக்கும் துளை சற்றுச் சற்றாக விரிந்து, கடைசியில் வாஷரோடு போல்ட் மேலே வந்துவிடும். எனவே ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் 60 × 60 × 4 மி.மீ. தகடு வையுங்கள். பக்கத்துக்கு 3, முன்புறம் 2, ஆக 8 போல்ட் போதும். பக்கவாட்டுப் போல்ட்டுகள் வில்லின் காலுக்கு அருகிலேயே விழட்டும், இழுப்பு அங்கேதான் இறங்குகிறது. நைலான் பூட்டு நட் போட்டு 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். சதுரக் குழாயைத் துளைத்துப் போல்ட் போடும்போது குழாய் நசுங்காமலிருக்க உள்ளே சிறு குழாய்த் துண்டு ஒன்றை வைத்து வெல்டு செய்துகொள்ள வேண்டும். பாடிச் சுவரில் கயிறு கட்டும் குழிகளோ ஏற்கெனவே துளைகளோ இருந்தால் முதலில் அவற்றைப் பயன்படுத்துங்கள். புதிதாகப் போட்ட துளையின் விளிம்புக்கு பிரைமர் பூசாமல் போல்ட் மாட்டாதீர்கள். அடிப்பட்டைக்கும் பாடிக்கும் நடுவே 3 மி.மீ. ரப்பர் பட்டை. பாடி அலுமினியமானால் இது கட்டாயம். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரிக்கும். போல்ட்டுக்கும் நைலான் உறை போட்டுவிடுங்கள். முதல் சில நூறு கி.மீ. ஓடியபின் ரப்பர் படிந்து நட் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள்.

இன்னொன்று: சேஸிஸ் மேல் கேபினும் பாடியும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் கூண்டைப் பாடியோடு மட்டுமே பிடிக்க வேண்டும். உறுதிக்காகக் கேபினோடும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் உண்டு. மேடுபள்ளத்தில் கேபினும் பாடியும் வெவ்வேறு திசையில் முறுக்கும்; நடுவில் மாட்டிய சட்டகத்தின் வெல்டு விரிசல் விடும். கேபினுக்கும் கூண்டுக்கும் 30 முதல் 50 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

கேள்வி: துணியை எப்படி வெட்டுவது? கூரை தனி, பக்கங்கள் தனி என்று ஐந்து துண்டாக வெட்டித் தைக்கலாமா?

ஐந்து துண்டு வேண்டாம். கூரையும் இரு பக்கமும் ஒரே துண்டாக வரட்டும். கூரை விளிம்பு முழுக்க மூட்டுப் போட்டால் தண்ணீர் ஓடும் பாதையில் நீங்களாகவே துளை போட்ட கதைதான்.

சட்டகம் வண்டியில் பொருத்தி, பெயின்ட் காய்ந்த பிறகுதான் துணியை அளக்க வேண்டும். வரைபடத்தின் அளவை நம்பாதீர்கள். வெல்டு செய்த சட்டகம் எங்காவது 5 மி.மீ. கோணியிருக்கும். பாலிதீன் தாளைச் சட்டகத்தின் மேல் போர்த்தி, நாடாவால் ஒட்டி, விளிம்புகளை மார்க்கரால் கோடிட்டு அதையே மாதிரியாக வையுங்கள். முன் பின், இடம் வலம் எழுதிவையுங்கள், வில் வரும் இடங்களையும் குறியுங்கள்.

நம் அளவுக்குக் கணக்கு இது. குறுக்கே 600 + 1405 + 600 = 2605 மி.மீ. (சரிவுக்காகக் கூடுவது வெறும் 5 மி.மீ.தான்.) பாடிச் சுவருக்கு வெளியே 100 மி.மீ. தொங்க வேண்டும், இரு பக்கமும் சேர்த்து 200. மடிப்புக்குப் பக்கம் 75 வீதம் 150. மொத்தம் 2955, ஆக 3 மீட்டர். நீளவாட்டில் 1500-உடன் மூட்டுக்கு முன்னும் பின்னும் 25 வீதம் சேர்த்து 1550. 1.83 மீட்டர் அகல ரோலில் இது அப்படியே அடங்கும், 28 செ.மீ. அகலப் பட்டை மிச்சமாகும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஜிப் மேல் மூடும் மழைப்பட்டையும், வில் படும் இடத்து ஒட்டுகளும், மூலைத் துண்டுகளும் அதிலிருந்துதான் வரப்போகின்றன. முன் துண்டும் பின் துண்டும் தலா 1450 அகலம், 860 உயரம். கூட்டினால் 4.72 மீட்டர். சுருக்கத்துக்கு 5 விழுக்காடு, கைத்தவறுக்குக் கொஞ்சம் என்று 5.5 மீட்டர் வாங்குங்கள்.

முன்கூட்டியே சுருக்கிய துணி என்று உறுதி இல்லாவிட்டால் வெட்டும் முன் முழுத் துணியையும் நனைத்து, நிழலில் விரித்து முழுக்கக் காயவிடுங்கள். இரண்டு முறை. பருத்திக் கலப்புத் துணி நெடுக்கு இழைத் திசையில் அதிகம் சுருங்கும். நம் வெட்டில் அது வண்டியின் குறுக்குவாட்டு. நனைக்காமல் தைத்தால் முதல் மழைக்குப் பிறகு பக்கத் தொங்கல் மேலேறிப் பாடிச் சுவரைவிட்டு விலகிவிடும்.

கேள்வி: வீட்டுத் தையல் மெஷினில் தைக்க முடியுமா? எந்த ஊசி, எந்த நூல்?

நேரான பகுதிகளைத் தைக்கலாம். பழைய இரும்பு மெஷின் நான்கு மடிப்பு வரை இழுக்கும். சிக்கல் வரும் இடம் மூட்டும் அடி மடிப்பும் சந்திக்கும் மூலை. அங்கே எட்டு மடிப்பு, 7 மி.மீ. கனம் சேரும். மரச் சுத்தியலால் அந்த இடத்தைத் தட்டித் தட்டையாக்கி, மோட்டாரை விட்டுவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றித் தையுங்கள். அதுவும் முடியாவிட்டால் மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் வைத்த மெஷின் உள்ளவரிடம் அந்த வேலையை மட்டும் கொடுங்கள். சாதாரண மெஷினில் கீழ்த்துணி நகரும் வேகத்துக்கு மேல்துணி நகராது. 1.5 மீட்டர் மூட்டின் முடிவில் இரண்டுக்கும் ஒரு விரல் வித்தியாசம் வந்து நிற்கும். 20 செ.மீ.க்கு ஒரு கிளிப் போட்டால் சமாளிக்கலாம். குண்டூசி குத்தினால் துளை நிலைத்துவிடும்.

நூல் பாலியஸ்டர், டெக்ஸ் 90 (டெக்ஸ் என்பது நூலின் கன அளவு; எண் கூடினால் நூல் தடிக்கும்). ஊசி 110 அல்லது 120. பெரிய மெஷினானால் டெக்ஸ் 135 நூலும் 140 ஊசியும். நைலான் நூல் வலுவானது, ஆனால் வெயிலில் பாலியஸ்டரைவிட விரைவில் நைந்துபோகும். பருத்தி சுற்றிய பாலியஸ்டர் நூல் கிடைத்தால் கான்வாஸுக்கு அதைவிட நல்லது இல்லை. மேலே சுற்றியிருக்கும் பருத்தி நனைந்ததும் ஊதி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். தையல் நீளம் 4 முதல் 5 மி.மீ. நெருக்கித் தைத்தால் வலு கூடும் என்பது தப்புக் கணக்கு. துளை வரிசை நெருங்கினால் துணி தபால் தலைத் தாள்போல அந்தக் கோட்டிலேயே கிழியும். தடித்த துணியில் தைக்கும் கோட்டின் நீளத்தைப்போல மூன்று மடங்கு நூல் செலவாகும். இந்தக் கூண்டுக்கு 150 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டு எல்லாம் இரண்டு விளிம்பும் ஒன்றுக்குள் ஒன்று மடிந்த இரட்டைத் தையல். கூரைத் துண்டு முன், பின் துண்டுகளின் மேலே படிந்து இறங்க வேண்டும், கீழ்த்துண்டு மேலேறக் கூடாது. முன்புறத்து மடிப்பின் வாய் காற்றடிக்கும் திசையைப் பார்த்து இருந்தால் வேகத்தில் காற்று அதைத் தூக்கும். வாயைக் கீழ்நோக்கித் திருப்புங்கள்.

கேள்வி: புதுக் கூண்டு. பருத்தி கலந்த கான்வாஸ், நல்ல தையல். முதல் மழையிலேயே தையல் கோட்டில் வரிசையாகச் சொட்டுகிறது. துணி மோசமா?

துணியில் குறை இருக்காது. கான்வாஸ் கூண்டை முதல் மழைக்கு முன்னால் பழக்க வேண்டும். மாட்டி இழுத்துக் கட்டி, குழாய்த் தண்ணீரால் முழுக்க ஊற நனைத்து, முழுக்கக் காயவிடுங்கள். இப்படி மூன்று முறை. இழைகள் ஊதி ஊசித் துளைகளை நெருக்கும். அதன் பிறகும் சொட்டும் இடங்களுக்கு வெளிப்புறத்திலிருந்து மெழுகுக் கட்டியைத் தையல் மேல் அழுத்தித் தேய்த்து, ஹேர் டிரையரால் லேசாக உருக்கிவிடுங்கள். துணிக்குச் சிலிக்கோன் பூச்சு என்றால் மெழுகு ஒட்டாது. சிலிக்கோன் அடிப்படையிலான மூட்டு அடைப்பான்தான் வேண்டும்.

நனைந்திருக்கும்போது உட்புறத்தில் ஏதாவது சாய்ந்துகொண்டிருந்ததா என்றும் பாருங்கள். ஈரக் கான்வாஸில் உள்ளிருந்து பெட்டியோ மெத்தையோ தொட்டால் அந்த இடத்தின் வழியே நீர் உள்ளே வழியத் தொடங்கும். பிவிசி துணிக்கு இந்தப் பழக்கம் எதுவும் பலிக்காது. அதில் தைத்த துளை துளைதான், மேலே பட்டை ஒட்ட வேண்டும்.

கேள்வி: கூரை நடுவில் தண்ணீர் தேங்குகிறது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் மறுபடி குழி விழுகிறது.

இழுத்துக் கட்டித் தீர்க்க முடியாத பிரச்சினை இது. 1 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. ஆழம் உள்ள குழியில் சுமார் 40 லிட்டர் நிற்கும். அந்த 40 கிலோ துணியை நீட்டும், நீண்ட துணியில் இன்னும் நீர் சேரும். தட்டையான கூரைக்குக் கயிறு எவ்வளவு இறுக்கினாலும் முடிவு இதுதான். நடுவில் ஒரு வில்லும் உச்சிக் கம்பியும் கூட்டி 60 மி.மீ. எழுப்புங்கள். சட்டகத்தைக் கழற்ற முடியாதென்றால், இருக்கும் வில்களின் மேல் உச்சியில் பிளாஸ்டிக் குழாயை நீளவாட்டில் கிளாம்ப் போட்டு உயர்த்தலாம். தற்காலிகம்தான், ஆனால் வேலை செய்யும். நீண்டுபோன துணி கொஞ்சம் தளர்ந்தே இருக்கும். மடிப்பைப் பிரித்து மறுபடி வெட்ட வேண்டிவரலாம்.

கேள்வி: ஒரு வருடம்கூட ஆகவில்லை. கூரையின் மூலை நான்கிலும் கிழிசல். துணிக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

நான்கு மூலையும் ஒரேபோலக் கிழிந்தால் துணியை விட்டுவிட்டுச் சட்டகத்தைத் தடவிப் பாருங்கள். வெல்டு முண்டு, போல்ட் தலை, குழாய் முனை, ஏதாவது ஒன்று விரலில் தட்டும். கான்வாஸ் இழுப்பில் கிழிவது குறைவு. உரசித் தேய்ந்த பிறகே கிழியும். வண்டி ஓடும் ஒவ்வொரு நிமிடமும் துணி கம்பியின் மேல் நூலளவு நகர்ந்துகொண்டே இருக்கிறது. நடுவே தூசு புகுந்தால் அது உப்புத்தாள்.

வெல்டு எல்லாவற்றையும் மட்டம் தட்டி, 120-ஆம் எண் உப்புத்தாளால் வழவழப்பாக்கி மறுபடி பெயின்ட் அடியுங்கள். வில் படும் இடமெங்கும் துணியின் உட்புறத்தில் 100 மி.மீ. அகல பிவிசி பட்டையைத் தையுங்கள். குழாயின் மேல் துணியைச் சுற்றிவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவுக்கு வழி செய்யும், துருக்கறை கான்வாஸிலும் ஏறும். மூலைகளுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரட்டை ஒட்டு.

துணி தளர்ந்து படபடத்தாலும் இதே கதிதான். கட்டும் கயிறு தேங்காய் நாரோ பருத்தியோ என்றால் நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் தொளதொளக்கும். நைலான் நனைந்தால் நீளும். பாலியஸ்டர் கயிறு இரண்டுமின்றி நிலையாக இருக்கும். 8 மி.மீ. ரப்பர் கயிற்றைச் சேர்த்துக்கொண்டால் துணியின் ஏற்ற இறக்கத்தை அதுவே வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: கயிறு கோக்கும் ஐலெட் வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கின்றன.

வளையத்தைவிடத் துளையைப் பெரிதாகப் போட்டிருப்பீர்கள், அல்லது இரண்டு மடிப்பில் மட்டும் அடித்திருப்பீர்கள். அடி மடிப்புக்குள் 50 மி.மீ. பாலியஸ்டர் நாடா ஒன்றை வைத்துத் தைத்து, அதன் ஊடாக, பல் உள்ள ஐலெட்டை அடிக்க வேண்டும். துளை ஐலெட்டின் கழுத்தைவிட ஒரு மி.மீ. சிறியதாக இருக்கட்டும், நெருக்கி உள்ளே தள்ளுங்கள். உள்விட்டம் 12 மி.மீ., இடைவெளி 150 மி.மீ. மூலையிலிருந்து முதல் வளையம் 40 மி.மீ.க்குள் வர வேண்டாம். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் மட்டும்; முலாம் பூசிய இரும்பு துருப்பிடித்து வளையத்தைச் சுற்றியே துணியை மக்கவைக்கும்.

கேள்வி: மண் சாலையில் போனால் கூண்டுக்குள் எல்லாம் ஒரே புழுதி. எல்லாப் பக்கமும் மூடித்தான் இருக்கிறது. பின்பக்கத் துணியைத் திறந்துவிட்டால் புழுதி வெளியேறிவிடும் என்கிறார்கள்.

திறந்தால் இன்னும் கூடும். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. சக்கரம் கிளப்பும் புழுதி அங்கே சுழலும், அங்கிருந்து எந்த இடுக்கு கிடைத்தாலும் உள்ளே புகும். சைலன்சர் புகையும் அதோடு சேர்ந்து வரும். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. ஓடும்போது கூண்டுக்குள் ஆள் உட்காரவே கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

புழுதியின் பெரும்பகுதி துணி வழியாக வருவதில்லை. டெயில் கேட்டின் அடி இடுக்கும் பக்க இடுக்கும்தான் வாசல். இரவில் கூண்டுக்குள் விளக்கை வைத்து எல்லாவற்றையும் மூடி, வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் புழுதி வரும் இடம். டெயில் கேட்டைச் சுற்றி, கதவுகளுக்குப் போடும் குமிழ் ரப்பர் பட்டையை மாட்டுங்கள். அடியில் கீல் இருக்கும் இடத்தில் 3 மி.மீ. ரப்பர்த் தாளை உட்புறம் பாலம்போலப் போட்டு ரிவெட் செய்யுங்கள். பாடித் தரையில் உள்ள வடிகால் துளைகளுக்கு ஒருவழி ரப்பர் அடைப்பு. பின் துணியின் அடி விளிம்பு டெயில் கேட்டுக்கு வெளியே 100 மி.மீ. இறங்கி 50 மி.மீ. வெல்க்ரோவில் ஒட்ட வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் புழுதியை உள்ளே அழுத்தம் கூட்டித்தான் தடுக்க முடியும். கூரையின் முன்பகுதியில் 150 × 100 மி.மீ. அளவில் ஒரு காற்றுவாய், மேலே முன்னோக்கிய மூடி, உள்ளே எண்ணெய் தடவிய நுரை வடிகட்டி. மூடி காற்றோட்டத்துக்குள் 50 மி.மீ.யாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கேபினுக்குப் பின்னால் மறைவில் வைத்தால் காற்று வராது. வடிகட்டிய காற்று உள்ளே புகுந்து இடுக்குகள் வழியே வெளியேறும்போது புழுதிக்கு எதிர்க்காற்று. ஆனால் இடுக்குகளை அடைக்காமல் காற்றுவாய் மட்டும் வைப்பது வீண். இதைவிடப் பெரிய வாய் வைப்பதும் வேண்டாம். முன்னே திறந்து பின்னே மூடிய கூண்டு காற்றை நிரப்பிக்கொண்டு கூரையை உள்ளிருந்தும் தூக்கும்.

கேள்வி: பின்பக்க ஜிப் நெளிந்து நிற்கிறது, ஓடுவதும் இல்லை.

நெளிவுக்குக் காரணம் துணி சுருங்கியது, ஜிப்பின் நாடா சுருங்காதது. ஜிப்பைப் பிரித்து, துணியை நனைத்துக் காயவைத்துவிட்டு மறுபடி தைப்பதைத் தவிர வழி இல்லை. ஓடாததற்குக் காரணம் புழுதி: உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, தண்ணீரால் கழுவி, காய்ந்ததும் மெழுகுவத்தியைத் தேய்த்து ஓட்டுங்கள். எண்ணெய் விட்டால் அன்றைக்கு ஓடும், அடுத்த நாள் புழுதியைக் குழைத்து வைத்துக்கொள்ளும். 10-ஆம் எண் ஜிப்பைவிடச் சிறியதைக் கூண்டுக்குப் போடாதீர்கள். மேலே 50 மி.மீ. மழைப்பட்டை தைத்தால் வெயிலும் நேரடியாகப் படாது.

கேள்வி: கூண்டு போட்டால் விளக்கு, நம்பர் பிளேட் விதி எதுவும் இடிக்குமா?

உயரம், அகலம், பதிவு பற்றிய விதிகள் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் பகுதிப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். துணியை வெட்டும் முன் கவனிக்க வேண்டியது: பின் விளக்குகளையும் நம்பர் பிளேட்டையும் தொங்கல் மறைக்கக் கூடாது. கேபின் கூரையின் பின்புறம் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கு கூண்டால் கட்டாயம் மறையும். அதற்கு ஈடாகப் பின் வில்லில் ஒன்று பொருத்த வேண்டியிருக்கும், வயருக்கு இப்போதே வழி விடுங்கள்.

கேள்வி: மழைக்காலம் முடிந்து கூண்டைக் கழற்றி மடித்து வைத்தேன். எடுத்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள், நாற்றம். ஓரிடத்தில் சிறு கிழிசலும் இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

பூஞ்சை. கையால் தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் கான்வாஸில் மூட்டு மடிப்புக்குள் ஈரம் நிற்கும், அங்கிருந்துதான் தொடங்கும். வெயிலில் விரித்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியபின், ஒரு பங்கு வெள்ளை வினிகரும் நாலு பங்கு தண்ணீரும் கலந்து மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி முழுக்கக் காயவிடுங்கள். நாற்றம் போகும், புள்ளிகள் பெரும்பாலும் தங்கும். பிளீச்சிங் போட்டு வெளுக்க நினைத்தால் இழையும் சேர்ந்து நைந்துபோகும். சோப்புத்தூளும் அழுத்த நீர்ப்பீச்சும் நீர்த்தடைப் பூச்சை எடுத்துவிடும். கழுவிய பின் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருளாமல் துணி குடித்தால் பூச்சு போய்விட்டது, புதிதாக அடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தே ஆகவேண்டிய நாளில் மறுநாளைக்குள் பிரித்து விரித்துவிடுங்கள்.

புள்ளி விழுந்த இடத்தைக் கட்டைவிரல்களால் இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். காகிதம்போலப் பிரிந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைக்க வேண்டியதுதான். நன்றாக இருந்தால் கிழிசலுக்கு மட்டும் ஒட்டுப் போடலாம்: கிழிசலின் எல்லாப் பக்கமும் 50 மி.மீ. தாண்டும் அளவில், அதே கனத் துணியில், மூலைகளை உருட்டி வெட்டி, விளிம்பை உள்ளே மடித்து இரண்டு வரிசைத் தையல். ஒட்டுத் துணியின் இழைத் திசை பழைய துணியோடு பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் நனைந்ததும் இரண்டும் வேறுவேறாக இழுத்துக்கொண்டு, ஒட்டின் ஓரத்தில் புதுக் கிழிசல் தொடங்கும்.